கொழும்பிலிருந்து ஜித்தா: தூரம் ஒன்று, நேரம் பல

நமது ஊர்களில் அநேகமான வீடுகளில், அலுமாரிக்குள் கடவுச்சீட்டோடு சேர்த்து ஒரு தாளும் பத்திரமாக வைக்கப்பட்டிருக்கும். அது விமானச் சீட்டு. உம்றாவுக்குப் போய் வந்த உம்மம்மாவின் சீட்டாக அது இருக்கலாம். சவூதியில் தொழில் பார்க்கும் வாப்பாவின் சீட்டாகவோ நானாவின் சீட்டாகவோ இருக்கலாம். அந்தத் தாளை ஆறுதலாக எடுத்து வாசித்துப் பார்த்தால் அதற்குள் ஒரு புதிர் இருப்பது தெரியவரும்.

உதாரணமாக, கட்டுநாயக்கவிலிருந்து பிற்பகல் 2.00 மணிக்குப் புறப்படும் ஒரு விமானம் மாலை 6.00 மணிக்கு ஜித்தாவை அடைவதாகச் சீட்டில் எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். திரும்பி வரும்போது இரவு 8.00 மணிக்கு ஜித்தாவிலிருந்து புறப்பட்டு, மறுநாள் அதிகாலை 4.15க்குக் கட்டுநாயக்கவில் இறங்குகிறது. கழித்துப் பார்த்தால் போவதற்கு நான்கு மணித்தியாலம். வருவதற்கு எட்டேகால் மணித்தியாலம்! போன வழியே திரும்பி வரும் பயணத்துக்கு இரட்டிப்பு நேரம் ஏன்?

உண்மை இதற்கு நேர்மாறானது. அந்த விமானம் போவதற்குத்தான் கூடுதலான நேரம் எடுக்கிறது. ஏறத்தாழ ஆறரை மணித்தியாலம். திரும்பி வருவதற்கு ஐந்தே முக்கால் மணித்தியாலமே செல்கிறது. இந்தப் புதிரை அவிழ்ப்பதற்குத் தூரம், காற்று, கடிகாரம் ஆகிய மூன்றையும் தனித்தனியாகப் புரிந்துகொள்ள வேண்டும். இம்மூன்றில் மாறாமல் இருப்பது தூரம் மட்டுமே. ஆகவே அதிலிருந்தே தொடங்குவோம்.

தூரத்தை நாமே கணிக்கலாம்

இரண்டு நகரங்களுக்கு இடைப்பட்ட ஆகாயத் தூரத்தைக் காண்பதற்குச் சாதாரண தரத்தில் நாம் படித்த கணிதமே போதும். பூமியின் சுற்றளவு ஏறக்குறைய 40,000 கிலோமீற்றர். அதனை 360 பாகைகளால் வகுத்தால், ஒரு பாகைக்கு 111 கிலோமீற்றர் கிடைக்கும். தேசப்படத்தில் வடக்கு தெற்காக ஒரு பாகை நகர்ந்தால் நாம் 111 கிலோமீற்றர் நகர்ந்திருக்கிறோம் என்பது இதன் பொருள்.

கட்டுநாயக்க விமான நிலையம் வட அகலக்கோடு 7.2 பாகையிலும், கிழக்கு நெடுங்கோடு 79.9 பாகையிலும் அமைந்துள்ளது. ஜித்தா விமான நிலையம் வட அகலக்கோடு 21.7 பாகையிலும், கிழக்கு நெடுங்கோடு 39.2 பாகையிலும் அமைந்துள்ளது. ஆகவே வடக்கு நோக்கிய வித்தியாசம் 14.5 பாகை, மேற்கு நோக்கிய வித்தியாசம் 40.7 பாகை.

வடக்கு நோக்கிய 14.5 பாகையை 111ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 1610 கிலோமீற்றர் கிடைக்கிறது. மேற்கு நோக்கிய வித்தியாசத்தை இப்படி நேரடியாகப் பெருக்க முடியாது. நெடுங்கோடுகள் மத்தியகோட்டில் அகன்றும் துருவங்களை நோக்கிப் போகப்போக நெருங்கியும் இருக்கின்றன. உரித்த தோடம்பழத்தின் சுளைகள் நடுவில் பருத்து இரு முனைகளிலும் ஒடுங்கியிருப்பதைப் போன்றது இது. எனவே இரண்டு இடங்களுக்கும் நடுவிலுள்ள அகலக்கோடான 14.4 பாகையின் கோசைன் பெறுமானத்தாலும் பெருக்க வேண்டும். அது 0.97ஐ ஒட்டியது. அப்படிப் பெருக்கும்போது மேற்கு நோக்கிய தூரம் ஏறத்தாழ 4375 கிலோமீற்றர் என வருகிறது.

இப்போது நம்மிடம் ஒரு செங்கோண முக்கோணி இருக்கிறது. ஒரு பக்கம் 1610, மற்றப் பக்கம் 4375. பைதகரஸ் தேற்றத்தின்படி செம்பக்கத்தைக் கணித்தால் 4660 கிலோமீற்றர் அளவில் விடை வரும். கோளத்துக்குரிய சரியான சூத்திரத்தில் கணித்தால் கிடைப்பது ஏறத்தாழ 4650 கிலோமீற்றர். கல்குலேட்டர் ஒன்றும் ஒரு துண்டுத் தாளும் கொண்டு செய்த கணக்கில் பத்துக் கிலோமீற்றர்தான் பிழை! நெடுந்தூரம் பிரிந்திருக்கும் நகரங்களுக்கும், துருவங்களுக்கு அண்மையிலுள்ள நகரங்களுக்கும் இந்தக் குறுக்குவழி இவ்வளவு சரியாக வராது. நமது நாடும் அரேபியாவும் மத்தியகோட்டிலிருந்து அதிக தூரத்தில் இல்லாததால் இங்கே அது நன்றாகவே பொருந்துகிறது.

கிப்லாவும் விமானப் பாதையும்

இந்தக் கணக்கு நமக்குப் புதியதாகத் தோன்றலாம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே முஸ்லிம் அறிஞர்கள் இதில் ஆழமாக உழைத்திருக்கிறார்கள். 973ஆம் ஆண்டில் பிறந்த அல்பிரூனி, நகரங்களின் அமைவிடங்களையும் அவற்றுக்கிடையிலான தூரங்களையும் எவ்வாறு துணிவது என்பதைப் பற்றியே ஒரு தனி நூல் எழுதினார். தாம் வாழ்ந்த கஸ்னா நகரிலிருந்து கிப்லாவின் திசையைச் சரியாகக் காண்பது அந்நூலின் முக்கிய நோக்கங்களில் ஒன்றாக இருந்தது. இன்றைய பாகிஸ்தானிலுள்ள நந்தனா என்ற கோட்டைக்கு அருகில், ஒரு மலையின் உயரத்தையும் அதன் உச்சியிலிருந்து தொடுவானம் தாழ்ந்து தெரியும் கோணத்தையும் அளந்து, அதிலிருந்து பூமியின் ஆரையை அவர் கணித்தார்.

ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கான திசையும் தூரமும் ஒரே முக்கோணியிலிருந்தே பிறக்கின்றன. இதனால் நமக்கு ஓர் அழகான உண்மை கிடைக்கிறது. கொழும்பிலிருந்து மக்காவின் திசையைக் கணித்தால், நேர் மேற்கிலிருந்து வடக்குப் பக்கமாக ஏறத்தாழ 25 பாகை திரும்பிய திசை வரும். கட்டுநாயக்கவிலிருந்து ஜித்தாவுக்கு மிகக் குறுகிய பாதையில் செல்லும் விமானம் பயணத்தின் தொடக்கத்தில் நோக்கவேண்டிய திசையும் அநேகமாக அதுவே. நாம் ஐந்து வேளையும் வீட்டில் முஸல்லாவை விரிக்கும் திசையில்தான் அந்த விமானமும் செல்கிறது. ஓடுபாதை வடகிழக்கு தென்மேற்காக அமைந்திருப்பதால், மேலெழுந்த பின்னர் சற்று வளைந்தே விமானம் அத்திசையைப் பிடிக்கிறது.

அந்தத் திசையில் பூகோள உருண்டையின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். அது மன்னார் வளைகுடாவைக் கடந்து, இந்தியாவின் தென்முனையில் திருவனந்தபுரத்தை ஒட்டிச் சென்று, அரபிக்கடலுக்குள் இறங்கும். அங்கிருந்து ஓமானின் சலாலா நகரத்தை அடையும் வரை ஏறத்தாழ 2650 கிலோமீற்றர். முழுப் பயணத்தில் பாதிக்கும் மேற்பட்ட பகுதி கடல்தான் என்பது இதிலிருந்து விளங்கும். சலாலாவுக்குப் பிறகு அர்ருப்உல் காலீ என்னும் பெரும் மணற்பாலைவனம். அதன் பின்னர் தாயிப் மலைப்பகுதி. அதையும் தாண்டினால் செங்கடலோரத்தில் ஜித்தா.

உண்மையான விமானங்கள் இந்த நூலின் மேலேயே அச்சொட்டாகப் பறப்பதில்லை. வானத்திலும் வகுக்கப்பட்ட பாதைகள் உள்ளன. ஒவ்வொரு நாட்டின் வான்பரப்பிலும் பறப்பதற்கு அனுமதி வேண்டும். யுத்தம் நடக்கும் பகுதிகளையும் இடிமின்னல் மேகங்களையும் விமானிகள் தவிர்த்துச் செல்கிறார்கள். 2017ஆம் ஆண்டு ஜூன் மாதம் சவூதி உட்படச் சில நாடுகள் கட்டார் விமானங்களுக்குத் தமது வான்பரப்பை மூடியபோது, தோஹாவிலிருந்து புறப்பட்ட பல விமானங்கள் சுற்றுப்பாதையில் செல்ல நேர்ந்தது. 2021 ஜனவரியில்தான் அந்தத் தடை நீங்கியது. நகரங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. ஆனாலும் பயண நேரம் கூடியது.

இரண்டு வேகங்கள்

இனிக் காற்றுக்கு வருவோம். உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்கும் தோழியருக்குச் சார்பு வேகம் என்ற பாடம் நினைவிருக்கும். ஆற்றில் தோணி விடும் கணக்குகள் அதில் அடிக்கடி வரும். தோணி நீரோட்டத்தோடு போகும்போது கரையில் நிற்பவருக்கு அது வேகமாகத் தெரியும். நீரோட்டத்தை எதிர்த்துப் போகும்போது மெதுவாகத் தெரியும். துடுப்புப் போடுபவரின் உழைப்போ இரண்டு வேளையிலும் ஒன்றே.

விமானமும் காற்றாகிய ஆற்றில் போகும் ஒரு தோணியே. பெரிய பயணிகள் விமானமொன்று பத்து முதல் பன்னிரண்டு கிலோமீற்றர் உயரத்தில், தன்னைச் சுற்றியுள்ள காற்றுக்குச் சார்பாக மணிக்கு 880 கிலோமீற்றர் அளவில் பறக்கிறது என்று கொள்வோம். காற்றே அசையாமல் இருந்தால் 4650 கிலோமீற்றரைக் கடக்க 5 மணித்தியாலம் 17 நிமிடம் செல்லும்.

இப்போது மேற்கிலிருந்து மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் காற்று வீசுகிறது என்று வைப்போம். ஜித்தாவுக்குப் போகும்போது அது எதிர்க்காற்று. தரைக்குச் சார்பான வேகம் 820ஆகக் குறையும். நேரம் 5 மணித்தியாலம் 40 நிமிடமாகக் கூடும். திரும்பி வரும்போது அதே காற்று முதுகுப் பக்கமாகத் தள்ளிவிடும். வேகம் 940 ஆகும். நேரம் 4 மணித்தியாலம் 57 நிமிடமாகக் குறையும். ஒரே விமானம், ஒரே தூரம். போவதற்கும் வருவதற்கும் இடையில் 43 நிமிட வித்தியாசம்!

இதில் கவனிக்கத்தக்க இன்னொரு விடயமும் உண்டு. போகும்போது இழந்த நேரத்தை வரும்போது முழுமையாகப் பெற்றுக்கொண்டோம் என்று நினைப்போம். கூட்டிப் பாருங்கள். காற்று இல்லாத நாளில் போய்வர 10 மணித்தியாலம் 34 நிமிடம். காற்று வீசிய நாளில் 10 மணித்தியாலம் 37 நிமிடம். எதிர்க்காற்றில் விமானம் மெதுவாகச் செல்வதால் அந்தக் காற்றுக்குள் அதிக நேரம் இருக்கிறது. உதவும் காற்றிலோ விரைவாகச் சென்றுவிடுவதால் அந்த உதவியைக் குறைந்த நேரமே அனுபவிக்கிறது. நட்டம் எப்போதும் இலாபத்தை விடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும்.

சீட்டில் போடப்படும் நேரம் இதைவிடவும் நீளமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. விமானம் தனது தரிப்பிடத்தை விட்டு அசையும் நேரத்திலிருந்து, சென்றடைந்த நிலையத்தின் தரிப்பிடத்தில் நிற்கும் நேரம் வரை அதில் கணக்கிடப்படுகிறது. ஓடுபாதை வரை ஊர்ந்து செல்வதும், மெதுவாக மேலேறுவதும், இறங்குவதற்கு முறை வரும்வரை வட்டமிடுவதும் அந்தக் கணக்கில் அடங்கும். இவற்றையெல்லாம் சேர்த்தால்தான் போவதற்கு ஆறரை மணித்தியாலத்தை ஒட்டியும், வருவதற்கு ஐந்தே முக்கால் மணித்தியாலத்தை ஒட்டியும் நேரம் வருகிறது.

கீழே ஒரு காற்று, மேலே ஒரு காற்று

நமது முன்னோர்களின் பயணங்களையும் காற்றே தீர்மானித்தது. பருவகாலத்தைக் குறிக்கும் ‘மவ்ஸிம்’ என்ற அரபுச் சொல்லிலிருந்தே ‘மொன்சூன்’ என்ற சொல் பிறந்தது. ஹஜ்ஜுடைய காலத்தைக் குறிப்பதற்கும் அதே சொல் வழங்குகிறது. தென்மேற் பருவக்காற்று வீசும் காலத்தில் அரபு வணிகர்களின் பாய்க்கப்பல்கள் நமது பக்கமாக வந்தன. வடகீழ்ப் பருவக்காற்று வீசத் தொடங்கியதும் அவை திரும்பிச் சென்றன. காற்று மாறும்வரை கரையில் காத்திருப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. அப்படிக் காத்திருந்தவர்களில் சிலர் இங்கேயே திருமணம் செய்து தங்கிவிட்டார்கள். இலங்கை முஸ்லிம்களின் வரலாற்றில் அந்தக் காத்திருப்புக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

காற்று ஒத்துழைக்காதபோது என்ன நடக்கும் என்பதற்கு இப்னு பதூதாவே சாட்சி. 1344ஆம் ஆண்டில் மாலைதீவிலிருந்து தென்னிந்தியக் கரைக்குப் புறப்பட்ட அவர், மூன்று நாளில் முடியவேண்டிய பயணம் ஒன்பது நாளாகி, கடைசியில் இலங்கையில் வந்து இறங்கியதாகத் தமது பயண நூலில் எழுதியிருக்கிறார். அவர் இறங்கிய இடம் புத்தளம் என்பது பொதுவான கருத்து.

இன்றைய விமானங்களுக்கும் பருவக்காற்றுகள் உண்டு. ஆனால் மேலே வீசும் காற்று கீழே வீசும் காற்றைப் போன்றதன்று. மாரிகாலத்தில், அதாவது டிசம்பர் முதல் பெப்ரவரி வரையிலான மாதங்களில், அரேபியாவுக்கும் வட இந்தியாவுக்கும் மேலே மேற்கிலிருந்து கிழக்காக ஒரு வேகமான காற்றோட்டம் பாய்கிறது. அதன் தென் விளிம்பு நமது விமானப் பாதையையும் தொடுகிறது. அக்காலத்தில் ஜித்தாவுக்குப் போகும் விமானம் எதிர்க்காற்றைச் சந்திக்கிறது.

ஜூன் முதல் செப்டெம்பர் வரை நிலைமை தலைகீழாகிறது. கடல் மட்டத்தில் தென்மேற் பருவக்காற்று பலமாக வீசுகிறது. அதே வேளையில் மிக உயரத்தில், தென்னிந்தியாவுக்கும் அரபிக்கடலுக்கும் மேலே, கிழக்கிலிருந்து மேற்காக இன்னொரு காற்றோட்டம் பாய்கிறது. இதனை ஆராய்ந்து 1958இல் விளக்கியவர் இந்திய வானிலை அறிஞர் கோட்டீஸ்வரம். அந்தக் காற்றின் உச்ச வேகம் விமானங்கள் பறக்கும் மட்டத்துக்கும் மேலேயே இருக்கிறது. என்றாலும் அதன் கீழ்ப்பகுதி மேற்கு நோக்கிப் பறக்கும் விமானத்துக்குக் கைகொடுக்கிறது.

ஆகவே ஜூலை மாதத்தில் ஒரு பாய்க்கப்பல் ஜித்தாவை நோக்கிப் போக முயன்றால் காற்று அதன் முகத்தில் அடிக்கும். அதே நாளில் அதற்கு மேலே பதினொரு கிலோமீற்றர் உயரத்தில் பறக்கும் விமானத்தைக் காற்று பின்னாலிருந்து தள்ளும். கீழே நின்று பார்த்து மேலே உள்ளதைத் தீர்மானிக்க முடியாது. “போன முறை நேரத்தோடு போய்ச் சேர்ந்தோமே, இந்த முறை ஏன் பிந்தியது?” என்று யாராவது கேட்டால், எந்த மாதத்தில் போனீர்கள் என்று நாம் திருப்பிக் கேட்கலாம்.

கடிகாரம் செய்யும் வேலை

சீட்டிலுள்ள புதிரின் பெரும்பகுதிக்குக் காரணம் காற்றல்ல, கடிகாரம். விமானச் சீட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் நேரப்படியும், சேரும் நேரம் சேரும் ஊரின் நேரப்படியும் எழுதப்படுகிறது. இலங்கை நேரம் கிறீனிச் நேரத்தை விட ஐந்தரை மணித்தியாலம் முந்தியது. சவூதி நேரம் மூன்று மணித்தியாலம் முந்தியது. இரண்டுக்கும் இடையில் இரண்டரை மணித்தியால வித்தியாசம்.

நமது உதாரணத்துக்குத் திரும்புவோம். பிற்பகல் 2.00 மணிக்குப் புறப்பட்டு ஆறரை மணித்தியாலம் பறந்தால் இலங்கையில் இரவு 8.30. அந்த நேரத்தில் ஜித்தாவில் மாலை 6.00 மணிதான். திரும்பும்போது ஜித்தாவில் இரவு 8.00 மணி என்றால் இலங்கையில் இரவு 10.30. அதிலிருந்து ஐந்தே முக்கால் மணித்தியாலம் பறந்தால் அதிகாலை 4.15. இப்போது கணக்குச் சரியாகிறது. விதி இலகுவானது: போகும்போது சீட்டில் தெரியும் நேரத்தோடு இரண்டரை மணித்தியாலத்தைக் கூட்டுங்கள், வரும்போது கழியுங்கள்.

பெற்றோருக்கு இன்னொரு ஞாபகமும் இருக்கலாம். 1996ஆம் ஆண்டு மே மாதத்தில் நமது நாட்டின் கடிகாரம் ஒரு மணித்தியாலம் முன்னே நகர்த்தப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் அதில் அரை மணித்தியாலம் குறைக்கப்பட்டது. 2006ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில்தான் பழைய நேரம் திரும்பி வந்தது. இடைப்பட்ட அந்தக் காலத்தில் சவூதியில் இருந்தவர்களுக்கு வீட்டு நேரம் மூன்று மணித்தியாலம் தள்ளியிருந்தது. சூரியன் மாறவில்லை, விமானமும் மாறவில்லை; ஓர் அரசாங்கத் தீர்மானம் சீட்டிலுள்ள நேரத்தை மாற்றியது.

நேரத்தோடு திகதியையும் கவனிக்க வேண்டும். மத்திய கிழக்குக்கான விமானங்கள் பல நள்ளிரவை ஒட்டிப் புறப்படுகின்றன. சீட்டில் 13ஆம் திகதி அதிகாலை 1.30 என்று இருந்தால், 12ஆம் திகதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 13ஆம் திகதி இரவு போனால் விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும். கடன் வாங்கிச் சீட்டு எடுத்த குடும்பத்துக்கு அந்த ஒரு நாள் சிறிய நட்டமன்று. அதேபோல், குறித்த மணிக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கும் முதியவர்கள் பயணம் செய்வதானால், எந்த ஊர் நேரப்படி எடுப்பது என்பதைப் புறப்படுவதற்கு முன்பே வைத்தியரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

நோன்பும் மீகாத்தும்

கடிகாரம் மனிதர் வகுத்தது. தொழுகையும் நோன்பும் சூரியனைப் பின்பற்றுகின்றன. சூரியன் ஒரு மணித்தியாலத்தில் 15 பாகை மேற்கே நகர்வதாக நமக்குத் தோன்றுகிறது. ஜித்தாவுக்குப் போகும் விமானமும் மேற்கே மணிக்கு ஏறத்தாழ 7 பாகை நகர்கிறது. சூரியனைத் துரத்திக்கொண்டு அதன் பாதி வேகத்தில் நாமும் போகிறோம். ஆகவே விமானத்தில் இருப்பவருக்குப் பின்னேரம் நீண்டுகொண்டே போகும். இரண்டு ஊர்களுக்கும் இடையிலான 40.7 பாகையை 15ஆல் வகுத்தால் 2 மணித்தியாலம் 43 நிமிடம் வரும். அந்தப் பகல் நீளும் அளவு அதுதான்.

றமழானில் இலங்கையில் ஸஹர் செய்து நோன்போடு பிற்பகல் விமானத்தில் ஏறியவர், கைக்கடிகாரம் இலங்கையின் மஃரிப் நேரத்தைக் காட்டும்போது யன்னலால் பார்த்தால் சூரியன் இன்னும் வானத்தில் இருக்கும். நோன்பு திறப்பது அவர் இருக்கும் இடத்தில் சூரியன் மறையும்போதுதான். பதின்மூன்றரை மணித்தியால அளவிலான அவரது நோன்பு பதினாறு மணித்தியாலத்தைத் தாண்டிவிடும். பயணிக்கு மார்க்கம் சலுகை தந்திருப்பதன் அருமை அப்போது விளங்கும். திரும்பி வரும்போது சூரியனை எதிர்கொண்டு வருவதால் இரவு அதே அளவுக்குச் சுருங்கிவிடும்.

உம்றாவுக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு மிக அவசியமானது. மக்காவைச் சூழவுள்ள மீகாத் எல்லைகளைக் கடப்பதற்கு முன் இஹ்ராமின் நிய்யத்தை வைக்க வேண்டும். கிழக்கிலிருந்து வரும் விமானம் தாயிப்புக்கு அண்மையிலுள்ள கர்னுல் மனாஸில் பகுதியை வானத்திலேயே கடந்துவிடுகிறது. அந்த எல்லை மக்காவிலிருந்து கிழக்கே 80 கிலோமீற்றர் அளவில் உள்ளது. ஜித்தாவோ மக்காவுக்கு மேற்கே ஏறக்குறைய அதே தூரத்தில் உள்ளது. ஆகவே ஜித்தாவில் இறங்கும்போது மீகாத் பின்னால் போய்விட்டிருக்கும்.

மணிக்கு 820 கிலோமீற்றர் என்பது நிமிடத்துக்கு ஏறக்குறைய 14 கிலோமீற்றர். பஸ்ஸில் போகும்போது அரை மணித்தியாலம் கண்ணயர்ந்தால் இரண்டு ஊர்கள் கடந்து போயிருக்கும். விமானத்தில் அரை மணித்தியாலம் கண்ணயர்ந்தால் 400 கிலோமீற்றர் கடந்து போயிருக்கும்! விமானத்தில் மீகாத் பற்றிய அறிவித்தல் முன்கூட்டியே சொல்லப்படுவது இதனால்தான். நம்மவர்களில் பலர் வீட்டிலோ கட்டுநாயக்கவிலோ இஹ்ராம் உடையை அணிந்துகொண்டே ஏறுவதும் இதனால்தான். அறிவித்தல் கேட்ட பிறகு சிறிய கழிவறைக்கு முன்னால் வரிசையில் நிற்கும் முதியவருக்கு, அந்தச் சில நிமிடங்கள் எவ்வளவு விரைவாக ஓடும் என்பதை யாராவது முன்பே விளக்கியிருக்க வேண்டும். வீட்டில் கணிதம் படிக்கும் பிள்ளை அதைச் செய்யலாம்.

சீட்டில் எழுதப்படாத நேரம்

கல்முனையிலிருந்து இரவு பஸ்ஸில் கொழும்புக்கு வரச் சாதாரணமாக எட்டு மணித்தியாலம் வரை செல்கிறது. விமானம் புறப்படுவதற்கு மூன்று மணித்தியாலம் முன்னதாக நிலையத்தில் நிற்க வேண்டும். இறங்கிய பிறகு கடவுச்சீட்டு வரிசை, பொதிகள், மக்கா வரையிலான தரைவழிப் பயணம் என்று இன்னும் சில மணித்தியாலங்கள். வீட்டு வாசலிலிருந்து கணக்கிட்டால் ஏறக்குறைய இருபது மணித்தியாலம். அதில் வானத்தில் கழிவது மூன்றில் ஒரு பங்கும் இல்லை. 4650 கிலோமீற்றரைக் கடப்பதை விட, முந்நூறு சொச்சம் கிலோமீற்றரைக் கடக்கக் கூடுதலான நேரம் எடுக்கும் ஒரு நாட்டில்தான் நாம் வாழ்கிறோம். உம்மம்மாமாரை அனுப்பும்போது அவர்களுக்கு எங்கே ஓய்வு தேவைப்படும் என்பதை இந்தக் கணக்கை வைத்துத் திட்டமிட வேண்டும்.

இதைவிடப் பெரிய நேரம் ஒன்றும் உண்டு. தொழிலுக்காகப் போகிறவர்களின் ஒப்பந்தம் பெரும்பாலும் இரண்டு வருடங்களுக்கானது. வாப்பாமார் மட்டுமன்றி, வீட்டுப் பணிக்காகப் போன உம்மாமாரும் அதில் அடங்குவர். அவர்களைப் பொறுத்தவரை ஜித்தா ஆறரை மணித்தியாலத் தூரத்தில் இல்லை. இரண்டு வருடத் தூரத்தில் இருக்கிறது. பாய்க்கப்பலில் வந்தவர்கள் காற்று மாறும்வரை காத்திருந்தார்கள். நம் காலத்தவர்கள் விடுமுறைக்கும், சீட்டின் விலைக்கும், முதலாளியின் சம்மதத்துக்கும் காத்திருக்கிறார்கள். விமானம் எவ்வளவு வேகமாகப் பறந்தாலும் அந்தக் காத்திருப்பைக் குறைக்க முடியவில்லை.

என் வாப்பாவும் ஜித்தாவில் தொழில் செய்பவர். வேலை முடிந்து, இஷாவும் தொழுது அவர் ஓய்வாக அமரும்போது அங்கே இரவு ஒன்பது மணி, இங்கே பதினொன்றரை. தம்பி அதற்குள் தூங்கிவிடுவான். அதனால் அவர் வேலைத்தலத்தில் தேநீர் குடிக்கும் மாலை ஐந்தரை மணிக்கு, அதாவது நமது நேரம் இரவு எட்டு மணிக்கு, பத்து நிமிடம் பேசுவது என்று எங்கள் வீட்டில் முடிவு செய்தோம். இப்போது தம்பி விழித்திருக்கிறான்.

வெளிநாட்டில் ஒருவர் இருக்கும் எல்லா வீடுகளிலும் இந்தக் கணக்கைச் செய்து பார்க்கலாம். இரண்டு கடிகாரங்களும் அருகருகே ஒரு தாளில், இரண்டு ஊர்களிலும் எல்லோரும் விழித்திருக்கும் மணி எது என்று குறித்துக்கொண்டால் போதும்.